எச்சிலில் நாப்ராக்சென் அளந்தது: ஓர் ஆய்வகப் பதிவு

அம்மாவுக்கு முடக்குவாதம். பதினோரு வருடமாக வலிமாத்திரையோடுதான் வாழ்க்கை. ரத்தம் எடுக்கப் போகும்போதெல்லாம் நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் குத்துவார்கள். வீடு திரும்பும்போது முழங்கை மடிப்பு நீலம் பாரித்திருக்கும். மருந்துப் பகுப்பாய்வில் முதுநிலை முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்த அன்று, என்ன செய்யப் போகிறாய் என்று கைடு கேட்டார். ஊசி இல்லாமல், எச்சிலை வைத்தே வலிமாத்திரையின் அளவைச் சொல்ல முடியுமா என்று பார்க்கப் போகிறேன் என்றேன்.

இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. ரத்தத்தில் இந்த மருந்துகள் பெரும்பாலும் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டே சுற்றுகின்றன. ஒட்டாமல் தனியாகத் திரியும் மிகச் சிறிய பங்குதான் வலியைக் குறைக்கிறது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்ப்பதும் அதே பங்குதான். வயதானவர்களுக்கும் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் ஆல்புமின் குறைந்துபோனால் அந்தத் தனிப்பங்கு கூடிவிடும். மொத்த அளவை மட்டும் சொல்லும் ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. எச்சிலுக்குள் கசிந்து வருவது தனிப்பங்கு மட்டுமே. அதனால்தான் எச்சில் எனக்கு ரத்தத்துக்கு மாற்றாக மட்டும் தோன்றவில்லை. ரத்தம் சொல்லாததையும் அது சொல்லக்கூடும் என்று நினைத்தேன்.

முதல் ஆறு வாரம் டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்தில் போயிற்று. எல்லாரும் சாப்பிடும் மாத்திரை, மாதிரி எளிதாகக் கிடைக்கும் என்ற எண்ணம். மருந்து சாப்பிடாதவரின் எச்சிலில் மில்லிக்கு 1 மைக்ரோகிராம் வீதம் டைக்ளோஃபினாக்கைக் கலந்து, கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் செலுத்தினேன். மருந்தைக் காட்டும் மேடு, அதாவது பீக், கோபுரம் மாதிரி எழுந்தது. தெரிந்த அளவுகளை வைத்து வரையும் அளவுக்கோடு நேராக வந்தது. கலந்ததில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்ற மீட்பு விகிதமும் நன்றாக இருந்தது. பிறகு உண்மையாகவே மாத்திரை சாப்பிட்ட ஒருவரின் எச்சிலை வைத்தேன். பீக் இல்லாத அடிக்கோடான பேஸ்லைன் ஏரித்தண்ணீர் போல அசையாமல் கிடந்தது.

அன்று இரவு காகிதத்தில் போட்ட கணக்கை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். 50 மி.கி. டைக்ளோஃபினாக் சாப்பிட்டால் பிளாஸ்மாவில் உச்ச அளவு மில்லிக்கு ஏறக்குறைய 1.5 மைக்ரோகிராம், அதாவது 1500 நானோகிராம். இதில் 99.7 சதவீதம் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது என்று கொண்டால் தனியாக இருப்பது 4.5 நானோகிராம். இது ஓர் அமில மருந்து. பிகேஏ, அதாவது பாதி மருந்து மின்னேற்றம் பெறும் பிஎச், 4-ஐ ஒட்டியது. மின்னேற்றம் இல்லாத வடிவம்தான் சுரப்பியின் சவ்வைக் கடக்கும். கடந்து வந்த பிறகு இரண்டு பக்கமும் அந்த வடிவம் சமமாக நிற்கும். ஆனால் அமிலத்தன்மை குறைந்த பக்கத்தில் மின்னேற்ற வடிவம் கூடுதலாகச் சேரும். ரத்தத்தின் பிஎச் 7.4, எச்சிலின் பிஎச் 6.8 என்றால் எச்சில் பக்கம் நிற்பது தனிப்பங்கில் கால்வாசி. ஆக மில்லிக்கு 1 நானோகிராம் சொச்சம். என் அளவுக்கோடு தொடங்கியதோ 50 நானோகிராமில். வராத விருந்தாளிக்கு ஆறு வாரம் இலை போட்டு வைத்திருந்தேன். மூலக்கூறை அதன் எடையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கும் இடத்தில் அந்த ஒரு நானோகிராமைப் பிடித்துவிடலாம். எங்களிடம் இருந்தது புற ஊதா ஒளி உறிஞ்சப்படுவதை அளக்கும் யுவி டிடெக்டர்; ஒளிர்வை அளக்கும் ஒரு பழைய ஃபுளோரசென்ஸ் டிடெக்டரும் மூலையில் மூடிக் கிடந்தது.

அதே கணக்கை இன்னொரு வலிமருந்தான நாப்ராக்செனுக்குப் போட்டேன். 500 மி.கி. மாத்திரை பிளாஸ்மாவை மில்லிக்கு 60, 70 மைக்ரோகிராம் வரை கொண்டுபோகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே தனியாக இருக்கிறது என்று வைத்தாலும் 70 நானோகிராம் தேறும். அதில் கால்வாசி எச்சிலுக்கு வந்தால் 17, 18 நானோகிராம். கூடவே நாப்ராக்செனின் நாப்தலீன் வளையம் தானாகவே ஒளிரும்: 230 நானோமீட்டரில் ஒளி கொடுத்தால் 355-ஐச் சுற்றித் திருப்பித் தரும். மூலையில் கிடந்த டிடெக்டரைத் தூசி தட்டினோம். தலைப்பை மாற்றிக்கொள்ளக் கைடு ஒரே நாளில் ஒப்புக்கொண்டார். அறநெறிக் குழுவின் அனுமதிக்குத்தான் பத்து வாரம் காத்திருந்தோம். யாருக்கும் புதிதாக மாத்திரை கொடுக்கவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்து ஏற்கெனவே நாப்ராக்சென் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடம் மட்டுமே மாதிரி கேட்பது என்று திட்டம்.

எச்சில் வாங்குவது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. எச்சில் பட்டது, எச்சில் கை என்றெல்லாம் சொல்லி வளர்ந்தவர்களிடம், இந்தக் குழாய்க்குள் வாயைத் திறந்து ஒழுக விடுங்கள் என்று கேட்க வேண்டும். ஒரு பாட்டி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, “உங்க முன்னாடி எப்படிங்க கண்ணு துப்பறது?” என்றார். அதற்குப் பிறகு தனியாக ஒரு சிறிய அறை, கதவு, துடைக்கக் காகிதம், கை கழுவத் தண்ணீர் எல்லாம் ஏற்பாடு செய்தேன். குழாயை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். நிரம்பியதும் அவர்களே மூடியிட்டு டப்பாவில் வைத்துவிட்டு வருவார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

பஞ்சை வாயில் வைத்துப் பிழிந்து எடுக்கும் முறையும் இருக்கிறது. கேட்பவருக்குக் கூச்சமும் குறைவு. வெறும் நீர்க்கரைசலில் 20 நானோகிராம் நாப்ராக்செனைக் கலந்து, பஞ்சில் ஊற்றிப் பிழிந்து பார்த்தேன். ஊற்றியதற்கும் வெளியே வந்ததற்கும் இருந்த வித்தியாசம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி. இவ்வளவு சிறிய அளவில் பஞ்சை நம்ப முடியாது. ஒழுக விடுவதே மேல். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 மி.லி. அளவில் எச்சில் சுரக்கும் என்பதால் ஒரு மில்லிக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். வாய் உலர்ந்த வயதானவர்களுக்குப் பத்து நிமிடம் ஆகும். அவசரப்படுத்தக் கூடாது. அவசரப்பட்டால் காறித் துப்புவார்கள், சளி கலந்துவிடும்.

வந்த எச்சில் நூல் நூலாக இழுபடும். மியூசின் என்ற வழவழப்பான புரதம் அதற்குக் காரணம். பிப்பெட் நுனியில் ஏறாது, ஏறினால் இறங்காது. ஒரு மில்லி என்று எடுத்தது உண்மையில் 0.8 ஆக இருக்கும். இதற்கு உதவியது உறைபெட்டி. ஓர் இரவு மைனஸ் 20-இல் உறையவைத்து மறுநாள் உருகவிட்டால் மியூசின் வலை அறுந்து திரிந்துவிடும். குளிர்நிலையில் பத்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் அடியில் வெள்ளைக் கசடு, மேலே தண்ணீர் போன்ற தெளிவு.

அடுத்தது பிரித்தெடுத்தல். 2006-இல் தெஹ்ரானில் ரெசாய், அசாதி குழுவினர் வெளியிட்ட ஒரு முறை அப்போது என்னை மிகவும் கவர்ந்திருந்தது. சில துளி கரைப்பானை இன்னொரு கரைப்பானோடு சேர்த்துப் பீய்ச்சினால் நீர் முழுதும் பால் போல வெளுக்கும். சுற்றினால் மருந்தெல்லாம் ஒரே சொட்டாக அடியில் இறங்கும். தண்ணீரில் அழகாக வந்தது. எச்சிலில் அந்தச் சொட்டு வரவே இல்லை. அந்தச் சில துளிக் கரைப்பானான குளோரோஃபார்மும் மீந்திருந்த புரதமும் சேர்ந்து ஒரு தோல் மாதிரி நடுவில் நின்றன. எட்டு முறை முயன்றுவிட்டுக் கைவிட்டேன்.

பழைய வழிக்கே திரும்பினேன்: அமிலமாக்கு, கரைப்பான் ஊற்று, குலுக்கு, பிரி. நாப்ராக்செனின் பிகேஏ 4.15. எச்சிலின் இயல்பான பிஎச்-இல் அது கிட்டத்தட்ட முழுவதும் மின்னேற்ற வடிவில் தண்ணீரோடு ஒட்டிக்கிடக்கும். பிஎச்-ஐ 2-க்குக் கீழே இறக்கினால் மின்னேற்றம் போய்க் கரைப்பானுக்குத் தாவிவிடும். ஹெக்சேன் நாலு பங்கு, எத்தில் அசிடேட் ஒரு பங்கு. வெறும் எத்தில் அசிடேட் இன்னும் நன்றாக இழுக்கும். ஆனால் எச்சிலில் உள்ள மற்ற அழுக்கையும் சேர்த்தே இழுக்கும். இங்கே நாப்ராக்சென் வாங்குபவர்களில் பலர் தலைவலிக்காக டாம்பெரிடோன் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள். அது காரத்தன்மை உள்ள மருந்து. அமிலத்தில் மின்னேற்றம் அடைந்து தண்ணீரிலேயே தங்கிவிடும். அதனால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் வேகமாகக் குலுக்கியதும் தயிர் மாதிரி ஒரு நடு அடுக்கு உருவாகி மூன்று மில்லிக் கரைப்பானை விழுங்கிக்கொண்டது. குலுக்குவதை நிறுத்தினேன். குழாய்களைப் படுக்கவைத்து மெதுவாக உருட்டும் ரோலரில் இருபது நிமிடம் விட்டேன். பிறகு சுற்றி, உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் கீழே உள்ள நீர்ப்பகுதி பனிக்கட்டியாகிவிடும்; மேலே உள்ள கரைப்பானை அப்படியே சாய்த்து ஊற்றிக்கொள்ளலாம். பிப்பெட்டால் உறிஞ்சும்போது நடு அடுக்கு இழுபடுமே என்ற பயம் அதோடு போயிற்று. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு ஒரே மாதிரியை ஐந்து முறை செய்தால் ஐந்தும் ஒத்துவந்தன.

ஒரே ஆளிடம் எடுத்த ஒரே மாதிரி என்று அழுத்திச் சொல்கிறேன். வேறு வேறு ஆட்களின் எச்சிலில் ஒரே அளவு மருந்தைக் கலந்து செய்தபோது ஒருவரில் 90 சதவீதத்துக்கு மேல் மீண்டது. இன்னொருவரில் பாதிகூட வரவில்லை. கரைப்பானை மாற்றினேன், நேரத்தை மாற்றினேன், ரோலரை மாற்றினேன். காரணம் கண் முன்னால் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அமிலம் விடும்போது சிலருடைய எச்சில் சோடா போலப் பொங்கியது, சிலருடையது பொங்கவில்லை. பொங்கியது பைகார்பனேட். சும்மா சுரக்கும் எச்சிலில் அது லிட்டருக்கு 5 மில்லிமோல் அளவில்தான் இருக்கும். எதையாவது மென்றால் சுரப்பு வேகமாகும்போது பைகார்பனேட்டும் பல மடங்கு ஏறும். எச்சில் வரவில்லை என்று இரண்டு தன்னார்வலர்கள் சூயிங்கம் மென்றிருக்கிறார்கள். நான் விட்ட 0.1 மோலார் அமிலம் 100 மைக்ரோலிட்டர், அந்தப் பைகார்பனேட்டை அடக்கவே போதவில்லை. பிஎச் 6-க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. 1 மோலார் அமிலமாக மாற்றினேன். விட்ட பிறகு ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளியைக் காகிதத்தில் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கினேன். மீட்பு எல்லாரிலும் 85-க்கு மேல் போயிற்று.

எச்பிஎல்சி பற்றி நீட்ட வேண்டியதில்லை. சி18 தூள் அடைத்த 150 மில்லிமீட்டர் எஃகுக் குழாய். நாங்கள் பேச்சில் காலம் என்போம். எழுத்தில் நேரத்தோடு குழம்பும் என்பதால் குழாய் என்றே எழுதுகிறேன். அசிட்டோநைட்ரைல் 45, நீர் 55, நிமிடத்துக்கு ஒரு மில்லி. நாப்ராக்சென் ஏழாவது நிமிடத்தில் இறங்கும். நீர்ப்பகுதியை அமிலமாக வைக்க முதலில் பாஸ்பேட் பஃபர் என்ற உப்புக்கரைசல் போட்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பஃபரை நீர் விட்டுக் கழுவாமல், நேராக அசிட்டோநைட்ரைலை ஓட்டி நிறுத்திவிட்டுப் போனேன். திங்கட்கிழமை பம்ப் அழுத்தம் ஏறி ஏறி இறங்கியது. ஆய்வக அண்ணன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “ஏங்கண்ணு, உப்ப உள்ளயே விட்டுட்டுப் போயிட்டியா?” என்றார். பாஸ்பேட், அசிட்டோநைட்ரைல் மிகுந்தால் கரையாமல் படிந்துவிடும். பம்பின் ஒருவழி வால்வான செக் வால்வைக் கழற்றினால் வெள்ளைப் படிகம். வெதுவெதுப்பான நீரில் வால்வை சோனிகேட்டர் என்ற மீயொலித் தொட்டியில் கால் மணி நேரம் வைத்து, பிறகு பத்துக்குத் தொண்ணூறு மெத்தனால்–நீரை மெதுவாக ஓட்டி அரைநாளில் அவர் அதைச் சரிசெய்தார். குழாய் தப்பியது. அன்றோடு பாஸ்பேட்டை விட்டு 0.1 சதவீத ஃபார்மிக் அமிலத்துக்கு மாறினேன்.

இன்னொரு சிக்கல் பீக்கின் உருவத்தில் வந்தது. நைட்ரஜன் ஊதிக் கரைப்பானை உலர்த்திய பின், மீந்ததை 100 மைக்ரோலிட்டர் தூய அசிட்டோநைட்ரைலில் கரைத்துச் செலுத்திக்கொண்டிருந்தேன். நன்றாகக் கரைய வேண்டும் என்ற எண்ணம்தான். பீக் முன்பக்கம் சரிந்து, சில நேரம் இரண்டாகப் பிளந்தது. உள்ளே போகும் கரைப்பான் ஓடும் கரைப்பானைவிட வலுவாக இருந்தால், மருந்து குழாயின் வாயில் ஒரே இடத்தில் படியாமல் இழுபடும். ஓடும் கலவையிலேயே கரைத்ததும் பீக் ஊசி போல நின்றது.

இதற்குள் உள்தர மருந்துப் பிரச்சினையும் வந்தது. ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவில் இன்னொரு சேர்மத்தைக் கலந்துகொள்வோம். வழியில் எவ்வளவு தொலைந்தாலும் இரண்டும் சேர்ந்தே தொலையும், விகிதம் மாறாது. யுவி டிடெக்டரில் வேலை செய்த நாட்களில் இதற்கு மெஃபெனாமிக் அமிலத்தை வைத்திருந்தேன். அதே குடும்பம், கடைசியில் தனியாக இறங்கும், விலையும் குறைவு. மருந்தே சாப்பிடாத வெற்று மாதிரி தந்த மாணவிகளில் ஒருவரின் எச்சிலில், நான் எதையும் கலக்கும் முன்பே அந்த இடத்தில் ஒரு பீக் இருந்தது. என் பிப்பெட்டைச் சந்தேகித்தேன், மாதிரிக் குப்பியைச் சந்தேகித்தேன், இரண்டு நாள் எல்லாவற்றையும் கழுவினேன். பிறகுதான் அந்தப் பெண்ணிடம் தயங்கிக் கேட்டேன். மாதவிடாய் வயிற்றுவலிக்கு அன்று காலை மாத்திரையை நுனிப்பல்லால் கடித்து விழுங்கியிருக்கிறாள். இங்கே பெண்கள் அதற்கு முதலில் கைநீட்டுவது மெஃபெனாமிக் அமில மாத்திரைக்குத்தான் என்பது எனக்கும் தெரியும், நானும் சாப்பிட்டிருக்கிறேன். “எந்த மருந்தாவது சாப்பிடுகிறீர்களா?” என்ற படிவக் கேள்விக்கு அவள் இல்லை என்று எழுதியதும் பொய் அல்ல, மாதத்தில் ஒரு நாள் சாப்பிடுவதை யாரும் மருந்து என்ற கணக்கில் வைப்பதில்லை. கேள்வியை மாற்றினேன்: “கடந்த மூன்று நாளில் தலைவலி, வயிற்றுவலி, காய்ச்சல், பல்வலி எதற்காவது ஏதாவது விழுங்கினீர்களா, தடவினீர்களா?” உள்தரத்தையும் மாற்றினேன். 2-நாப்தாக்சி அசிட்டிக் அமிலம் செடிகளுக்கு வளர்ச்சியூக்கியாகப் பயன்படுவது. மனிதர் யாரும் விழுங்குவதில்லை. நாப்ராக்சென் போலவே நாப்தலீன் வளையம் உள்ளது. அதே டிடெக்டரில் ஒளிரும்.

வெற்று மாதிரிகளில் இன்னொன்றில் நாப்ராக்செனுக்குச் சற்று முன்னால் ஒரு மேடு. மருந்து எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். கிராம்பு வாசனைப் பற்பசை பயன்படுத்துகிறாராம். கிராம்பெண்ணெய்யை ஆயிரம் மடங்கு நீர்த்துச் செலுத்தினேன். அதே இடத்தில் இறங்கியது. அசிட்டோநைட்ரைலை 45-இலிருந்து 42-க்குக் குறைத்ததும் இரண்டும் விலகின. சோம்பு, வெற்றிலை, பாக்கு, காப்பி, வலிக்களிம்பு என்று வாய்க்குள்ளோ விரலிலோ போகக்கூடிய எல்லாவற்றையும் ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செலுத்திப் பார்த்தேன். மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் பன்னாட்டு அமைப்பான ஐசிஎச் 2022-இல் ஏற்ற எம்10 வழிகாட்டி, வெவ்வேறு ஆறு பேரின் மாதிரியிலாவது குறுக்கீடு இல்லை என்று காட்டச் சொல்கிறது. எச்சிலைப் பொறுத்தவரை யாருடைய ஆறு என்பதுதான் கேள்வி. பல் துலக்கிச் சாப்பிடாமல் வந்த ஆறு கல்லூரி மாணவர்களை வைத்துத் தேறிவிடலாம். வெற்றிலை போடும் பாட்டியின் எச்சிலில் அந்த முறை நிற்குமா என்று அது சொல்லாது. நான் பன்னிரண்டு பேரிடம் எடுத்தேன். அதில் நான்கு பேர் வெற்றிலை போடுபவர்கள்.

மற்ற சரிபார்ப்புகள் சொல்லும்படி சிரமம் தரவில்லை. மில்லிக்கு 2 முதல் 200 நானோகிராம் வரை அளவுக்கோடு. விலகல் எல்லா நிலையிலும் 15 சதவீதத்துக்குள், அடிநிலையில் 20-க்குள்.

பிறகு முதல் நோயாளி. முழங்கால் தேய்மானம் உள்ள அறுபது வயதுக்காரர். மாத்திரை சாப்பிட்ட அரை மணி, ஒரு மணி, இரண்டு, நான்கு, எட்டு, பன்னிரண்டு மணி நேரத்தில் எச்சில் கொடுத்தார். வரைந்து பார்த்தால் பாடப்புத்தகத்தில் போடும் அளவுக்கு அழகான வளைகோடு: அரை மணியில் உச்சம், பிறகு சீராக இறக்கம். அச்செடுத்துக் கைடு மேசையில் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உச்சத்தின் எண்ணைத் தொட்டுக் காட்டினார். அளவுக்கோட்டைத் தாண்டியதால் நீர்த்து மறுபடி அளந்த எண் அது: மில்லிக்கு 900 நானோகிராம். நான் காகிதத்தில் போட்ட கணக்கு 17, 18. நாப்ராக்சென் ரத்தத்தில் உச்சத்தை எட்டவே இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். அரை மணியில் எச்சிலில் உச்சம் என்றால் அது சுரப்பி வழியாக வந்திருக்கவே முடியாது.

அந்த ஐயாவிடம் போய்க் கேட்டேன். மாத்திரை பெரிதாக இருக்கிறது என்று பாதியாக உடைத்து, ஒவ்வொரு பாதியையும் நாக்கில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து விழுங்குவாராம். “கசக்கும்ங்க, பழகிப்போச்சு,” என்றார். உடைந்த மாத்திரையின் தூள் ஈறிலும் பல்செட்டின் அடியிலும் தங்கி, மணிக்கணக்கில் கரைந்துகொண்டிருந்திருக்கிறது. நான் அளந்தது பல்செட்டில் ஒட்டிய மாவு. உச்சம் மட்டும் பொய் என்று தள்ளிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளவும் முடியாது. அந்த அழகான இறக்கமும் வாய் கழுவப்படும் வேகத்தைத்தான் காட்டியது.

விதிகள் மாறின. மாத்திரையை உடைக்காமல் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். முடியாதவர்களைச் சேர்ப்பதில்லை. பல்செட்டைக் கழற்றிக் கழுவி, வாயை மூன்று முறை கொப்பளித்து, பத்து நிமிடம் கழித்தே மாதிரி. சாப்பிட்ட முதல் இரண்டு மணி நேரத்தில் எச்சில் எடுப்பதே இல்லை. தினமும் சாப்பிடுபவர்களிடம் அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்னால் எடுப்பதுதான் நம்பகமானது. அப்போது வாயில் பழைய தூள் எதுவும் மீந்திருக்காது.

இத்தனைக்குப் பிறகு வந்த எண்கள் 4-க்கும் 40-க்கும் இடையில் நின்றன. கணக்கோடு ஒத்துப்போகும் அளவுதான். ஆனால் ஒரே மாத்திரையை ஒரே அளவில் ஒரே நேரத்துக்குச் சாப்பிடும் இரண்டு அம்மாக்களில் ஒருவருக்கு 6, இன்னொருவருக்கு 31. ஐந்து மடங்கு வித்தியாசம். இருவருக்கும் ஆல்புமின் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். நல்லவேளையாக, அந்த வாரம்தான் மாதிரி வாங்கியதும் பிஎச் குறிக்கத் தொடங்கியிருந்தேன். முதலாமவருக்கு 6.3, இரண்டாமவருக்கு 7.1. எச்சிலின் பிஎச்-இலிருந்து ரத்தத்தின் 7.4-க்குத் திருப்பிக் கணக்குப் போட்டால் முதல் எண்ணை 12.5-ஆல் பெருக்க வேண்டும், இரண்டாவதை 2-ஆல். 75-உம் 62-உம் வந்தன. அவர்கள் ரத்தத்தில் தனியாகத் திரியும் மருந்து ஏறக்குறைய ஒரே அளவுதான். அந்த இரண்டு எண்களையும் பார்த்தபோது எட்டு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு நிறைந்தது.

அதே கணக்கு அன்றே இன்னொன்றையும் காட்டியது. பிஎச்-இல் 0.2 பிழை இருந்தால் விடை 58 சதவீதம் மாறிவிடும். நான் வைத்திருந்த காகிதம் அரை அலகுக்கு ஒரு நிறம் காட்டுவது. எச்பிஎல்சி-யில் ஐந்து சதவீதத் துல்லியத்துக்காக அமிலம், ரோலர், பனிக்கட்டி, உள்தரம் என்று இவ்வளவு பாடுபட்டுவிட்டு, அந்தத் துல்லியத்தை ஒரு காகிதத் துண்டில் கைவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு அம்மாக்களின் ஒப்புமைகூட அதிர்ஷ்டமாக இருக்கலாம். அதை ஆய்வேட்டில் சேர்க்கவில்லை. அரை மில்லியில் முழுகும் மைக்ரோ எலெக்ட்ரோடு வாங்கக் கைடு தன் திட்ட நிதியிலிருந்து ஏற்பாடு செய்தார். 0.05 வரை நம்பலாம். பிழை 12 சதவீதத்துக்கு இறங்குகிறது.

அந்த எலெக்ட்ரோடையும் ஆய்வகத்தில் வைத்துக்கொள்வதில் பயனில்லை. எச்சில் வெளியே வந்ததும் கார்பன் டைஆக்சைடு பறக்கத் தொடங்கும், பிஎச் ஏறும். ஒருவரின் எச்சிலைத் திறந்த குழாயில் வைத்துப் பார்த்தேன்: வாங்கியதும் 6.7, அரை மணி கழித்து 7.2. எனவே எலெக்ட்ரோடு இப்போது மாதிரி வாங்கும் சிறிய அறையின் கதவுக்கு வெளியிலேயே ஒரு ஸ்டூலில் இருக்கிறது. மூடியிட்ட குழாய் கைக்கு வந்த ஒரு நிமிடத்துக்குள் அளக்கிறேன். அளந்த நேரத்தையும் எழுதுகிறேன்.

பிஎச் குறிக்காமல் எடுத்த பழைய மாதிரிகள் உறைபெட்டியில் இருபத்து மூன்று குழாய் இருந்தன. கூச்சத்தை அடக்கிக்கொண்டு கொடுத்த மனிதர்களின் எச்சில். எறிய மனம் வரவில்லை. உருக்கி இப்போது அளந்தால் என்ன என்று ஒரு வாரம் யோசித்தேன். பறந்த வாயு திரும்பி வராது. அந்த எண் வாய்க்குள் இருந்த எண்ணாக இருக்காது. போன வெள்ளிக்கிழமை இருபத்து மூன்றையும் ஆட்டோகிளேவில் வைத்து அழித்தோம். கொடுத்தவர்களைத் தேடிப்போய் ஏன் மறுபடி கேட்கிறேன் என்று விளக்கினேன். பதினேழு பேர் மீண்டும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சேலைத் தலைப்பால் வாயை மூடிய பாட்டியும் அதில் ஒருவர். திங்கட்கிழமை காலை மாத்திரை வேளைக்கு முன் அவர் முதலில். புதுப் பதிவேட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: மாதிரி எண்ணுக்கு அடுத்த கட்டம் பிஎச், அதற்கு அடுத்தது அளந்த நேரம், பிறகுதான் மற்றவை.